கைப்பிடி அரிசியோடு போன தாலிச் செயின்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வெளியே தூறல். காலையிலிருந்து அது நான்காவது தூறல். குடையை விரிப்பதா மடக்குவதா என்று முடிவெடுக்க விடாத வகையைச் சேர்ந்தது. சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து மனைவி.

மகள் குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து கிடந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள மனைவி போய்ப் பதிமூன்று நாளாகியிருந்தது. தினமும் மூன்று முறை பேசுவாள். ஆனால் இரண்டு பத்துக்குப் பேசுகிற வழக்கம் இல்லை. அதனால் கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

"சாப்பிட்டாச்சா? சரி, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இன்னைக்கு ரெண்டாம் ஞாயிறுல்லா? கோயில்ல இருந்து யாராவது கைப்பிடி அரிசி கேட்டு வந்தா, சம்படத்தைத் தூக்கிக் குடுத்துராதிய. அதுக்குள்ளதான் என் தாலிச் செயினை வச்சிருக்கேன்."

நான் ஈரக் கையை வேட்டியில் துடைத்தேன்.

"கேக்கா? யாரும் வந்தாங்களா?"

"யாரும் வரலை" என்றேன்.

அது பொய் இல்லை. யாரும் வரவில்லை. நானேதான் காலை எட்டு இருபதுக்குச் சம்படத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு போய் ஆலயத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

கைப்பிடி அரிசி என்பது எங்கள் சபையில் நெடுநாளாக உள்ள பழக்கம். வீட்டில் சோறு பொங்கும்போதெல்லாம் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். அது ஆண்டவருக்கு. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அதை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டி, ஆராதனை முடிந்ததும் மற்றக் காணிக்கைப் பொருள்களோடு வாசலில் ஏலம் விடுவார்கள். கோழி, முட்டை, முருங்கைக்காய், வாழைத்தார் என்று வருவதில் இந்தச் சாக்கும் ஒன்று. ஏலத்துக்கு நான் நிற்பதில்லை. ஒரு முறை ஈயை விரட்டக் கையை ஆட்டப்போய்ப் பதினொரு கிலோ பூசணிக்காயோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

இதற்கென்றே எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தார் ஒரு வருடம் வீட்டுக்கொன்றாக எவர்சில்வர் சம்படம் வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மூடி. பாத்திரம் வாங்கினால் வீட்டுக்காரர் பெயர் வெட்டுவது நம் ஊர் வழக்கம். இதில் அப்படி வெட்டவில்லை. பாத்திரம் ஆண்டவருடையது, வீட்டாருடையது அல்ல என்று எல்லாவற்றிலும் 'கர்த்தருக்கு முதற்பிடி' என்று ஒரே வாசகத்தையே வெட்டிவிட்டார்கள். அதை அப்போது நான் மெச்சினேன்.

மனைவி ஊருக்குப் போனபின் அந்தக் கடமையை நான் விடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை பொங்கினேன், ஒரு கைப்பிடி போட்டேன். பதிமூன்று பிடி. அவள் போட்டு வைத்திருந்ததோடு சேர்ந்து சம்படம் கழுத்துவரை நிறைந்தது. அவள் திரும்பி வந்ததும் "விடாமக் குடுத்தேன், பாத்தியா?" என்று சொல்லலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

செயின் மூன்றரைப் பவுன். அதில் கோத்திருக்கிற தாலி, சின்னஞ்சிறு திறந்த புத்தகமும் அதன்மேல் சிலுவையுமாக இருக்கும். நாற்பத்தாறு வருடம் அவள் கழுத்தில் கிடந்தது. இரவு ரயிலில் தனியாகப் போகிறோமே என்று கழற்றி வைத்துவிட்டு, கவரிங் செயினைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டில் இரும்பு அலமாரி இருக்கிறது. ஆனால் திருடன் முதலில் அலமாரியைத்தான் உடைப்பான், ஆண்டவருடைய அரிசியில் எவனும் கை வைக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "சொன்னா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்த் தொட்டுப் பாப்பிய. பாத்துக்கிட்டு நிக்கிற வேலைக்காரி, பால்காரன் எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும்" என்றாள். பத்துத் தடவை என்பது மிகை.

முதலில் துணிப்பையிலிருந்து காலிச் சம்படத்தை எடுத்துப் பார்த்தேன். உள்ளே என் முகம்தான் தெரிந்தது. குலுக்கினேன், சத்தமில்லை. பையை உதறினேன். நான்கு அரிசி விழுந்தது. ஆக, செயின் அரிசியோடு சாக்குக்குப் போய்விட்டது. இந்த இடத்தில் கைப்பேசியை எடுத்து மனைவியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று சம்படத்தை மறுபடி பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆலயத்துக்கு எங்கள் வாசலிலிருந்து அறுநூற்று நாற்பது காலடி. அன்று எண்ண முடியவில்லை.

ஆலயத்தில் மணி அடிப்பவர் பின்னாலுள்ள அறையில் குடியிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"என்ன சார்வாள், மழையோட வந்திருக்கிய? குடையை விட்டுட்டுப் போயிட்டியளோ?"

"குடை இருக்கு. காலையில கொட்டின அரிசி எங்க?"

"அது அப்பவே ஏலம் போயிட்டுல்லா. வண்ணாரப்பேட்டை இட்லிக்கடைக்காரர்தான் எடுத்தாரு. மாசாமாசம் அவருதான் எடுப்பாரு. முப்பத்திமூணு கிலோ." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அரிசியில என்னமும் போயிட்டா சார்வாள்?" என்றார்.

தங்கம் என்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்துவிடும். அங்கிருந்து கோயம்புத்தூருக்குச் செய்தி போக எத்தனை நிமிடம் ஆகும்? அவர் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. என் கண் அதில் பட்டது. வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"ஒரு சட்டைப் பொத்தான்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தலையை ஆட்டி, "நீங்கன்னா தேடுவிய சார்வாள்" என்றார். முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து நான் ஊரில் சம்பாதித்த பெயர் இது என்று அன்றுதான் தெரிந்தது. அந்தக் கவலையிலும் கொஞ்சம் வலித்தது.

"கடையில நாலு மணிக்கு மாவாட்ட ஆரம்பிச்சிருவாங்க. வெரசாப் போங்க" என்று மட்டும் சொன்னார். கிரைண்டர் குழவிக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகமும் சிலுவையும் சுற்றுவது கண்ணில் தெரிந்தது. நகரப் பேருந்துக்குக் காத்திராமல் ஆட்டோ பிடித்தேன். கேட்ட காசுக்கு ஏறி உட்கார்ந்தேன். இரண்டுமே என் வழக்கமில்லை.

மூன்று பதினேழுக்குக் கடை. வாசலில் பெஞ்சு, உள்ளே இரண்டு நீல டிரம், அதற்கும் உள்ளே கிரைண்டர். கடைக்காரர் நெற்றி நிறைய திருநீறோடு உளுந்து களைந்துகொண்டிருந்தார். அவர் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் ஓடவில்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

"அண்ணாச்சி, காலையில எங்க கோயில்ல எடுத்த அரிசி…"

"ஊறுது பாருங்க. ரெண்டு டிரம்முலயும் அதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியில சொல்லிராதிய அண்ணாச்சி. இருபத்திரண்டு வீட்டு அரிசி. புழுங்கல், பச்சை, ரேசன், கைக்குத்தல் எல்லாம் கலந்து கெடக்கும். அந்தக் கலப்புக்குத்தான் நம்ம இட்லி இப்படி பூவா வருது. ஒரே அரிசியில வராது" என்றார்.

கடையின் பெயரை நான் எழுதவில்லை. ஆகவே வாக்குத் தவறவில்லை.

"அதுல என் சட்டைப் பொத்தான் ஒண்ணு விழுந்திருக்கு. கொஞ்சம் தேடிப் பாத்துக்கிடட்டுமா?"

கடைக்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இட்லியில வந்தா எடுத்து வைக்கேன் அண்ணாச்சி. நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கிடுங்க."

"இல்ல, ஆட்டுறதுக்கு முன்னால பாக்கணும்."

"நாலு மணிக்கு ஆட்டலன்னா ராத்திரி புளிக்காது. புளிக்கலன்னா காலையில ஏவாரம் கெடையாது. ஒரு பொத்தானுக்காக நான் கடையை மூடவா வே?"

மூன்று இருபத்தைந்து. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. "அந்த அரிசி முழுசையும் நான் வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

துருவிக்கொண்டிருந்த கை நின்றது. அந்த அம்மாள் எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"முப்பத்திமூணு கிலோ ஊறுன அரிசியை, ஒரு பொத்தானுக்கு?"

"ஆமா."

"அது என்ன, வெள்ளிப் பொத்தானா?"

"இல்ல."

"தங்கமா?"

இருமல் வந்ததுபோல இருமினேன். "கல்யாணத்தன்னைக்குப் போட்டிருந்த சட்டையில உள்ளது" என்றேன். உண்மையின் பக்கத்தில் வந்தாயிற்று, அதற்குள் போகத்தான் தைரியமில்லை.

அவள் முகம் இளகிவிட்டது. "கல்யாணச் சட்டையா? அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா." புருசனைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியளா, மனுசன் இன்னும் அந்தப் பொத்தானை வச்சிருக்காரு. நீங்க நம்ம கல்யாணத்துக்குக் கட்டுன வேட்டியை அடுப்பு துடைக்கப் போட்டிய."

"அது கிழிஞ்சு போச்சுட்டீ."

"கிழிச்சது யாரு?"

கடைக்காரர் உளுந்துக் கையை உதறிவிட்டு எழுந்தார். ஆனாலும் ஏவாரம் ஏவாரம்தான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கைப்பேசி வழியாக வாங்கிக்கொண்டுதான் டிரம்மைச் சாய்த்தார்.

தரையில் தார்ப்பாய் விரித்தார்கள். நான் பையிலிருந்த சம்படத்தால் அரிசியைத் தண்ணீரோடு மொண்டேன். கடைக்காரர் துளை போட்ட பெரிய வடிதட்டில் வாங்கி அலசினார். அந்த அம்மாள் தார்ப்பாயில் பரத்தி விரலால் துழாவினாள். ஊறின அரிசி தும்பைப் பூப்போல வெளுத்து, விரலுக்கு வழுக்கலாக இருந்தது. ஒவ்வொரு சம்படமும் கொட்டும்போது மஞ்சளாக ஏதாவது மின்னுகிறதா என்று பார்த்தேன். கைக்குத்தல் அரிசி கொஞ்சம் பழுப்பாக இருக்கும். அது ஒவ்வொரு முறையும் என்னை ஏமாற்றியது. நடுவில் நான்கு முப்பத்தைந்துக்கு மனைவி அழைத்தாள். எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு மறுபடி. எடுக்கவில்லை. பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். "என்ன தேடுதிய?" "பொத்தான்." "ஓ." அவர்கள் போகவில்லை. ஆளுக்கொரு மூலையில் குத்தவைத்து அவர்களும் தேட ஆரம்பித்தார்கள்.

முதல் டிரம் முப்பத்தொன்பது சம்படம். கிடைத்தது பதினொரு கல், இரண்டு வேப்பிலை, ஒரு தலைமுடிக் கிளிப். இரண்டாவது டிரம்மில் இருபத்தாறாவது சம்படத்தின்போது டீக்கடை ஆள் ஒருவர் துள்ளி எழுந்தார்.

"கெடச்சிட்டு வே!"

அவர் உள்ளங்கையை விரித்தார். அதில் வெள்ளையாக, நாலு ஓட்டையோடு, ஒரு சட்டைப் பொத்தான்.

எந்த வீட்டுச் சட்டையோ! எந்த மனிதர் மாசக்கணக்காக அதைத் தேடினாரோ! கடை முழுக்க ஒரே சந்தோஷம். கடைக்காரர் என் முதுகில் தட்டினார். டீ வந்தது. நான் குடித்தே ஆகவேண்டியிருந்தது. அந்த அம்மாள் பொத்தானைக் கழுவி, முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தாள்.

"பத்திரமா வையுங்க அண்ணாச்சி. இன்னொரு தடவை விட்டுராதிய."

"மிச்ச அரிசியையும் பாத்துரலாம்" என்றேன்.

"மிச்சத்துல என்ன? அதான் கெடச்சிட்டுல்லா?"

"ரெண்டு பொத்தான்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஆனால் பணம் கொடுத்தவன் நான். மீதி டிரம்மையும் அலசினோம். மொத்தம் எழுபத்தெட்டுச் சம்படம். வேறு ஒன்றும் இல்லை. கடைசித் தண்ணீரையும் துணியில் வடிகட்டிப் பார்த்தோம். ஒரு ஐம்பது காசு கிடைத்தது.

மணி ஆறு முப்பத்திரண்டு. கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சலித்துப்போய் உளுந்தையாவது போடுவோம் என்று கிரைண்டரை ஓட்டினார். அப்போது மூன்றாவது முறையாக மனைவி அழைத்தாள். எடுத்தேன்.

"கூப்பிட்டா எடுக்க மாட்டியளா? என்னமோ ஏதோன்னு கெடந்து தவிக்கேன். அது என்ன சத்தம்?"

"கிரைண்டர். உளுந்து ஆட்டுதாங்க."

"எங்க?"

"இட்லிக்கடையில."

"மழையில, வெளக்கு வைக்கிற நேரத்துல, ஒங்களுக்கு இட்லிக்கடையில என்ன சோலி?"

வாசலுக்கு வந்து தாழ்வாரத்துத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நின்றேன். சொல்லிவிட்டேன். காலையில் நானே கொண்டுபோனதிலிருந்து ஐம்பது காசு வரைக்கும் ஒன்றுவிடாமல். சொல்லி முடித்ததும் ஒன்பது வரை எண்ணினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"சம்படம் எங்க?" என்றாள்.

"என் கையிலதான் இருக்கு."

"உள்ளுக்குள்ள அடியில அட்டை ஒட்டியிருக்கா?"

"அட்டையா?"

"காலண்டர் அட்டையை வட்டமா வெட்டி, மைதாப் பசை போட்டு அடியில ஒட்டியிருக்கேன். அதுக்குக் கீழதான் செயின் இருக்கு. அரிசியில சும்மா போட்டு வைக்க நான் என்ன கிறுக்கியா?"

எழுபத்தெட்டு முறை மொண்ட சம்படத்துக்குள் பார்த்தேன். அட்டை இல்லை. பசை இருந்த தடம்கூட இல்லை. "ஒண்ணுமில்ல. பளபளன்னு இருக்கு" என்றேன்.

"கவுத்திப் பாருங்க. அடியில ஆணியால குத்துன மூணு புள்ளி இருக்கா?"

கவிழ்த்துப் பார்த்தேன். தெருவிளக்குக்கு நேராகப் பிடித்தும் பார்த்தேன். "புள்ளி இல்ல. பெருக்கல் குறி ஒண்ணு கீறியிருக்கு."

"அது பெருக்கல் குறி இல்ல. நர்ஸக்கா போட்ட சிலுவை. அவளுக்கு நேரா ஒரு கோடு போடத் தெரியாது." மூச்சு விட்டாள். "ஒங்க கையில இருக்குறது நம்ம சம்படமே இல்ல. கோயில்ல மாறிப் போச்சு. நம்மது அவ வீட்டுல இருக்கும். ஓடுங்க."

பெண்கள் எல்லோரும் சம்படத்தின் அடியில் ஒவ்வொரு அடையாளம் வைத்திருக்கிறார்கள். புள்ளி, கோடு, வட்டம், இலை. இருபத்திரண்டு வீட்டு அடையாளமும் என் மனைவிக்கு மனப்பாடம். ஆராதனை முடிந்து வரும்போது ஒவ்வொருத்தியும் கவிழ்த்துப் பார்த்துத்தான் எடுப்பாளாம். நான் காலையில் பெஞ்சில் இடமிருந்து ஏழாவதாக வைத்தேன். முடிந்ததும் இடமிருந்து ஏழாவதை எடுத்துக்கொண்டு வந்தேன். அரிசியைக் கொட்டியவர்கள் சம்படங்களை அதே வரிசையில் திருப்பி வைப்பார்கள் என்று நம்பினேன். ஒருவேளை வகுப்பறையில் நோட்டுகளை வரிசை மாறாமல் அடுக்க வைத்தே பழகிய புத்தியாக இருக்கலாம்.

நர்ஸம்மாள் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்களுக்கு அடுத்த தெரு. என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஊசி குத்துவதுபோலப் பேசுகிறவர். ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு ஆட்டோ அவர் வீட்டு முன்னால் நின்றது.

"யாரு, வாத்தியாரா? என் சம்படத்தைத் தூக்கிட்டுப் போன களவாணி யாருன்னு ஊரு முழுக்கப் போன் போட்டுக் கேட்டுட்டேன். களவாணி ஆட்டோவுலல்லா வந்து எறங்குதாரு!"

"தப்புதான். எங்க சம்படம் எங்க?"

"ஒங்க சம்படத்தை நான் எதுக்கு உள்ள வைக்கேன்? அடுத்தவன் சாமானு எனக்கு எதுக்கு? உரியவன் பாத்து எடுத்துக்கிடட்டும்னு காலையிலேயே வெளிய வச்சிட்டேன்."

"எங்க?"

அவர் என் தலைக்கு மேலே கையைக் காட்டினார்.

கேட்டின் இடப்பக்கத் தூண். அதன் உச்சியில், தெருவைப் பார்த்து, கவிழ்த்து வைத்த எவர்சில்வர் சம்படம். காலை பதினொரு மணியிலிருந்து அது அங்கேதான் இருந்திருக்கிறது. மூன்றரைப் பவுன், எட்டு மணி நேரம், பாளையங்கோட்டைத் தெருவில். அந்த வழியாகப் பேப்பர் எடுக்கிறவன் போயிருக்கிறான். மாடு உரசியிருக்கிறது. அன்று அந்தக் கேட்டைத் தாண்டி ஆலயத்துக்கு நானே போயிருக்கிறேன்.

"ஏன் கவுத்தி வச்சிய?" என்றேன்.

"மழைத் தண்ணி நிக்காதா? இதுக்கும் குத்தமா?"

கவிழ்ந்து இருந்தது எட்டு மணி நேரம். நடுநடுவே தூறல். கீழே ஒன்றும் விழாமல் பிடித்திருக்க வேண்டியது மைதாப் பசை ஒன்றுதான். எனக்கு எட்டவில்லை. ஆட்டோக்காரர் எடுத்துக் கொடுத்தார். முதலில் தூணின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஈரம்தான்" என்றார். பிறகு சம்படத்தின் அடியைப் பார்த்தேன். மூன்று புள்ளி. பிறகுதான் நிமிர்த்தினேன்.

அட்டை ஈரக் காற்றில் ஊதிப்போய், ஒரு பக்கம் பப்படம்போலச் சுருண்டு எழும்பியிருந்தது. அந்த இடுக்கில் மஞ்சளாக ஒரு வளையம். விரலை விட்டு இழுத்தேன். அட்டை பிய்ந்துகொண்டு வந்தது. அதோடு பசையும் ஒரு ஓரம் கிழிந்த மாதாந்தரக் காலண்டர்த் தாளும், அதற்குப் பின்னால் செயின் முழுவதும், புத்தகமும் சிலுவையும்.

நர்ஸம்மாள் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு உள்ளே போட்டார். "உக்காருங்க வாத்தியாரே. நாடி பாக்கணும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "நூத்திப் பதினெட்டு. பைய மூச்சு விடுங்க" என்றார். ஆட்டோக்காரர் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். குடித்தேன். தூறல் விட்டிருந்தது. செயினைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன். ஈரமாகவும் கொஞ்சம் பிசுபிசுப்பாகவும் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

மனைவியை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கெடச்சிட்டு."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்னால் மகள் "என்னம்மா, என்னம்மா?" என்று கேட்டாள். பிறகு என் மனைவி, "நர்ஸக்கா பாத்துட்டாளா?" என்றாள்.

"பக்கத்துலதான் நிக்கா."

"அப்ப அடுத்த ஞாயிறு கோயில் முழுக்கத் தெரிஞ்சிரும். வேற எடந்தான் பாக்கணும்" என்றாள்.

நர்ஸம்மாள் கைப்பேசியை என்னிடமிருந்து பிடுங்கி, "ஏட்டி, ஒன் வீட்டுக்காரர் நாடி இப்ப தொண்ணூத்தாறுக்கு வந்துட்டு. நீ கவலைப்படாத" என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார்.

மிச்சம் இருந்தது அரிசி. வீட்டுக்கு வந்ததும் இட்லிக்கடைக்காரருக்கு அழைத்து, அரிசி வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வித்த சாமானைத் திருப்பி வாங்குறது நம்ம கடையில கெடையாது. நாலு பேரு கை போட்ட அரிசி, ஏவாரத்துக்கும் ஆகாது. வேணும்னா உளுந்து சேத்து ஆட்டித் தாரேன்" என்றார். ரகசியத்தை அவரிடம் இனி மறைப்பானேன் என்று நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் அவர் மனைவியின் குரல்: "நான் அப்பவே சொன்னேம்லா? பொத்தானுக்கு எவனாவது அப்படி முழிப்பானா?"

திங்கட்கிழமை காலை ஐந்து வாளி மாவு வந்து இறங்கியது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மாள்தான் வழி சொன்னார். அரிசி அந்த இருபத்திரண்டு வீட்டுடையதுதானே, அந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் மாவாகக் கொடுத்துவிடுங்கள் என்றார். அவரும் நானும் மணி அடிப்பவரும் ஒரு ஆட்டோவில் வாளிகளை ஏற்றி வீடு வீடாகப் போனோம். அன்று இரவு எங்கள் சபையில் பெரும்பாலும் எல்லார் வீட்டிலும் இட்லி. பூப்போலத்தான் இருந்தது, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. போன வீட்டிலெல்லாம் கதையை நர்ஸம்மாளே சொன்னார். மூன்றாவது வீட்டில் செயின் ஐந்து பவுன் ஆகிவிட்டது. பன்னிரண்டாவது வீட்டில் தூணின்மேல் நான் ஏறினேன்.

மனைவி அடுத்த வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு வந்து இறங்கினாள். பெட்டியை வைத்ததும் கையை நீட்டினாள். செயினைக் கொடுத்தேன். கவரிங்கைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு, தாலியை நெஞ்சில் வைத்து உள்ளங்கையால் ஒரு முறை அழுத்தினாள். அதன்பிறகுதான் காலைக் கழுவப் போனாள். காப்பியைக் குடித்துக்கொண்டே, "எல்லாத்துக்கும் சேத்து எவ்வளவு ஆச்சு?" என்றாள்.

அரிசி, உளுந்து, ஆட்டுக்கூலி, மூன்று ஆட்டோ, அதோடு நன்றிக் காணிக்கை என்று நர்ஸம்மாள் என்னிடம் பறித்த ஐந்நூறு. இந்த முறை மறைக்கவில்லை. அவள் கேட்ட உடனே சொல்லிவிட்டேன்: மூவாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய்.